மட்டி இன்னும் மாறவில்லை

என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். சமாதானம் என்று சொல்லிக் கொஞ்சக்காலம் கொழும்புக்குப் போகிற பாதை திறந்து கிடந்ததே, வெளிநாட்டுச் சொந்தங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கினார்களே, அந்தக் காலத்தின் கடைசி மாதங்கள். முப்பத்திரண்டு வயதில் 'அந்தக் காலத்திலே' என்று தொடங்குகிறாள் பார் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். அந்த வருடத்தைக் குருநகரில் கடந்தவர்களுக்கு வயது இரண்டு மடங்காக ஓடும் என்பது என் கணக்கு. நரையும் விழுந்துவிட்டது, மூட்டும் வலிக்கிறது, போதாதா?

சொல்லப்போவது ஒரு விளையாட்டைப் பற்றி. விளையாட்டுத்தானே என்று யாராவது சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும், இப்போதே சொல்லிவைக்கிறேன்.

அந்த வருடம் எங்கள் கோயில் பெருநாளுக்குப் பாரிசிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அம்மாவின் மூத்த சகோதரி. அவருடைய மகன் வளர்ந்து, அலுத்துப்போய் ஒதுக்கிய ஒரு விளையாட்டுப் பெட்டியை எங்களுக்கென்று கொண்டுவந்தார். உள்ளங்கையில் அடங்கும் ஊதா நிறப் பெட்டி, நடுவில் சின்னத் திரை, வலது பக்கம் ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும். அதை மூக்கருகில் பிடித்தால் வேறு நாட்டுச் சவர்க்கார வாசம் வந்தது. அண்ணைக்குப் பதினெட்டு வயது. மீசை வந்த பெடியன், அப்பாவோடு கடலுக்குப் போகிறவன், அந்தப் பெட்டியைக் கண்டதும் என்னைத் தள்ளிவிட்டுப் பறித்தான். எனக்கு அப்போது பன்னிரண்டு.

விளையாட்டு இதுதான். திரைக்குள் ஒரு பொடியன் புல்லுக்குள் நடப்பான். ஏதாவது ஒரு விநோத மிருகம் வந்து வழிமறிக்கும். நம்மிடமுள்ள மிருகத்தை அதோடு மோதவிட்டு, களைத்ததும் பிடித்துக்கொள்ள வேண்டும். கூடவே ஆறு மிருகங்களைத்தான் கொண்டு திரியலாம். மிச்சத்தை ஒரு களஞ்சியத்தில் போட்டுவைக்கலாம். மோதும்போது உயிரைக் காட்டுகிற கோடு பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கும். சிவந்துவிட்டால் பெட்டி விட்டுவிட்டுக் கீச்சிடத் தொடங்கும்.

"உதை நிப்பாட்டடா," என்பார் அம்மா குசினிக்குள்ளிருந்து. "ஆஸ்பத்திரி மிசின் மாதிரிக் கத்துது. வீட்டுக்கு ஆகாத சத்தம்."

எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. அதனால் மிருகங்களுக்கு நாங்களே பேர் வைத்தோம், எங்களுக்குத் தெரிந்த கரைப் பேர்கள்தான். பெரியம்மாவின் மகன் வளர்த்துவைத்திருந்த ஆறும் பயங்கரமானவை. அதில் தலையில் இரண்டு கொம்பும் நெஞ்சில் வெட்டுக்காயமும் உள்ள ஒன்றுக்குக் கொம்பன் என்று பேர். அதைக் கண்டால் புல்லுக்குள் வருவதெல்லாம் ஓடும்.

அண்ணை இரண்டு நாளில் அலுத்துப்போனான். எதிர்த்து நிற்க எதுவுமில்லாத விளையாட்டில் என்ன சுவை? களஞ்சியத்தைக் கிண்டத் தொடங்கினான். அங்கேதான் அடியில் அவை கிடந்தன. பிடித்த நாளிலிருந்து ஒருமுறைகூட வெளியே எடுக்காத, முதலாம் படியிலேயே நிற்கிற நோஞ்சான்கள். கால் நடுங்குகிற ஒன்று, அதற்கு இறால் என்று பேர் வைத்தோம். காற்றடித்தால் பின்னுக்குப் போகிற நூல் மாதிரி ஒன்று. எல்லாவற்றிலும் கேவலம் மண் நிறத்தில் ஒரு உருண்டை. கை இல்லை, கால் இல்லை, இரண்டு கண் மட்டும். மோதச் சொன்னால் அது செய்கிற ஒரே வேலை கண்ணை இறுக்கி மூடிக்கொள்வது. அடி விழும், உயிர் போகும், கண்ணைத் திறக்காமலே சாயும்.

எங்கள் களப்புச் சேற்றில் கால் விரலால் துழாவி மட்டி பொறுக்குவோம். ஆள் கிட்டப் போனால் ஓட்டை மூடிக்கொண்டு கிடக்கும், அதற்கு வேறு பாதுகாப்பு இல்லை. அண்ணை அந்த உருண்டையைப் பார்த்து "மட்டி" என்றான். அன்றிலிருந்து அது மட்டி.

கொம்பனைத் தவிர மற்ற ஐந்து வீரர்களையும் தூக்கிக் களஞ்சியத்தில் போட்டான். அந்த இடத்துக்கு நோஞ்சான்களைக் கூப்பிட்டான். எனக்கு அழுகை வந்தது.

"உதுகளை வைச்சு என்னண்ணை செய்யப்போறாய்?"

"வளக்கப்போறன்."

"அடிபட்டுச் சாகும்."

"சாக விட்டாத்தானே."

அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். மோதல் தொடங்கும்போது முன்னுக்கு நிற்பவருக்குப் புள்ளியில் பாதி கிடைக்கும், கடைசியில் யார் வென்றாலும் சரி. ஆகவே மட்டியை முதலில் இறக்குவான். எதிரி கை ஓங்குவதற்குள் அதை உள்ளே இழுத்துக் கொம்பனை விடுவான். மட்டிக்கு ஓங்கிய அடி கொம்பனில் விழும். பிறகு கொம்பன் ஒரே போடாகப் போட்டு வெல்லும். ஒன்றுமே செய்யாமல், வந்து ஒருதரம் முகம் காட்டியதற்காக மட்டிக்குப் பாதிப் புள்ளி. இப்படியே படி படியாக ஏறும்.

"கொம்பனுக்கு நோகாதோ?"

"உவனுக்கென்ன. உவன் தாங்குவான்."

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே பார்த்துச் சிரிப்பார். "உந்த மட்டி வளந்து என்னத்துக்கு வரப்போகுது?" என்று கேட்பார். "வளந்தா பெரிய மட்டிதான் வரும்."

ஆனால் எங்களுக்குத் தெரியும், சில மிருகங்கள் குறிப்பிட்ட படி ஏறியதும் வேறொன்றாக மாறும். இறால் அப்படித்தான் மாறியது. ஒரு பின்னேரம் நான் ரியூசனால் வந்தபோது இறால் இல்லை, அந்த இடத்தில் சிறகு முளைத்த ஒன்று நின்றது. எப்படி மாறியது என்று அண்ணை கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். உடம்பு வெள்ளையாகி, துடித்து, உள்ளே வேறு உருவம் தெரிந்து. நான் பையைப் போட்டுவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிட்டேன். இரவு சாப்பிடவும் இல்லை. அழுதால் எனக்கு முட்டு வரும், சின்ன வயதிலிருந்தே மூச்சுக்குத் திணறுகிற வருத்தக்காரி நான். அது தெரிந்தே அழுதேன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் அண்ணை வந்து பக்கத்தில் இருந்தான். மாறத் தொடங்கும்போது சிவப்புப் பொத்தானை அமத்திப் பிடித்தால் மாற்றம் நின்றுவிடும் என்பதை நூல் மாதிரியான அந்த மற்றதில் கண்டுபிடித்திருந்தான்.

"மட்டி மாறேக்கை ரெண்டு பேரும்தான் பாக்கவேணும், சரியோ? ஒராள் இல்லாட்டி மற்ற ஆள் நிப்பாட்டவேணும். மாதா மேல சத்தியம்."

"மாதா மேல சத்தியம்," என்றேன்.

அந்த ஆடி மாதத்தில் ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெருநாளுக்குக் கட்டிய கலர்க் கடதாசிகள் அவிழ்க்க ஆளில்லாமல் காற்றில் அடித்துக்கொண்டு கிடந்தன. வெளிச்சம் இருக்கும்போதே கடைக்காரர் பலகை போட்டார்கள். வள்ளங்களுக்கு நேரம் குறித்துவிட்டிருந்தார்கள், அந்த நேரத்துக்குள் போய் அந்த நேரத்துக்குள் வர வேண்டும். ஒழுங்கையில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் பெரியவர்களின் கதை நடுவில் நிற்கும், சத்தம் தாண்டிப் போனபின் வேறு கதையாகத் தொடங்கும். யார் வருகிறார்கள், யாரைத் தேடுகிறார்கள் என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஒரு காலை பள்ளிக்கூடம் போகும் வழியில் மதகடியில் சனம் நின்றது. அம்மா என் கண்ணைப் பொத்தினார். விரல் இடுக்கில் ஒரு செருப்பு மட்டும் தெரிந்தது. புதுச் செருப்பு, விலை ஒட்டிய கடதாசி கூட உரியவில்லை.

அம்மா சாமான் சேர்க்கத் தொடங்கினார். சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, சீனி, மண்ணெண்ணெய். எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பற்றறி. முந்திய சண்டைக் காலத்தில் பற்றறி ஊருக்குள் வரவே விடமாட்டார்கள். ஒரு பற்றறியை வெயிலில் காயவைத்து, கல்லால் தட்டி, இன்னும் பத்து நிமிடம் றேடியோச் செய்தி கேட்டவர்கள் எங்கள் பெற்றோர். அதனால் அம்மா ஒரு பிஸ்கற் தகரம் நிறையப் பற்றறி வாங்கி, பழைய சீலைத் துண்டில் சுற்றி, கட்டிலுக்குக் கீழே வைத்தார். நாங்கள் இருவரும் அதிலிருந்து புதியதை எடுத்துப் பெட்டிக்குப் போட்டுவிட்டு, செத்ததை அதே சீலையில் அதே மாதிரிச் சுற்றி வைத்தோம். மட்டி அம்மாவின் சேமிப்பில் வளர்ந்தது.

இங்கே நான் ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அண்ணைக்கும் நடுவில் ஒரு அக்கா இருந்தாள். பெரிய இடப்பெயர்வில் ஊரே ஒரு இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது அவளுக்கு மூன்று வயது. என்னைக் கைக்குழந்தையாக அம்மா தூக்கிக்கொண்டார். அவளை அப்பா தூக்கினார். ஆறேழு வயது அண்ணை அரிசிப் பையைச் சுமந்து மழைக்குள் நடந்தான். போய்த் தங்கிய பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மருந்து இல்லை. அவள் போய்விட்டாள். அந்த மண்டபத்தில் அப்படிப் போனவர்கள் எல்லாரும் குழந்தைகளும் கிழவர்களும் நோயாளிகளும்தான். பெடியன்கள் தண்ணீர் சுமந்தார்கள், புதைக்கக் கிடங்கு வெட்டினார்கள், உயிரோடு திரும்பினார்கள். சண்டை என்றால் என்ன என்று அம்மா அங்கே படித்தார். அந்தப் படிப்பை அவர் மறக்கவேயில்லை.

பெரியம்மா திரும்பிப் போகும் நாள் நெருங்கியது. ஒரு மத்தியானம் எனக்கு முட்டுக் கூடி, மருந்தை இழுத்துவிட்டுப் பாயில் கிடந்தேன். நான் நித்திரை என்று நினைத்துக் கூடத்தில் இருந்து கதைத்தார்கள்.

"எடி பிள்ளை, ரெண்டையும் தா," என்றார் பெரியம்மா. "பாதை பூட்டப்போறாங்கள் எண்டு எல்லாரும் கதைக்கினம். கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போறன். பேந்து பாப்பம்."

"ரெண்டையும் எப்பிடியக்கா? பெடியனைக் கொழும்பில ஆர் வைச்சிருப்பினம்? லொட்ஜில நிண்டா ஊர் எங்கை, ஏன் வந்தனீ எண்டு பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். இஞ்சை எல்லாருக்கும் உவனைத் தெரியும். கடல் பாஸ் இருக்கு. தேப்பனோடை கடலுக்குப் போறான், வாறான்."

"அப்ப சின்னவளை மட்டுமோ?"

"சின்னவளைக் கொண்டு போங்கோ. அவளுக்கு மருந்து கிடைக்காட்டி ஒரு கிழமை தாங்காள். முந்தியும் அப்பிடித்தானே எனக்குப் போனது."

பெரியம்மா அப்பாவின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். அப்பாவின் குரல் வந்தது.

"நீங்கள் சொல்லுறது சரி மச்சாள். ஆனா எனக்கும் ஒரு கை வேணுமெல்லே. தனிய வள்ளம் தள்ளேலாது."

"பெடியனுக்கு ஒண்டும் வராதக்கா," என்றார் அம்மா. "உவனுக்கென்ன. உவன் தாங்குவான்."

அவர்களை நான் முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். சில நாட்களில் சொல்லியிருக்கிறேன், அதுவும் அம்மாவின் முகத்துக்கு நேரே. ஆனால் யோசித்துப் பாருங்கள். தங்கள் கையால் ஒரு பிள்ளையைப் புதைத்துப் படித்த பாடத்தை வைத்துத்தானே அவர்கள் முடிவெடுத்தார்கள். முதலில் யார் விழுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வரப்போகிற காலம் வேறு ஆட்களைத் தேடிக்கொண்டு வருகிறது என்பது தெரியாது. அது நோஞ்சான்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. மீசை வந்தவனையும், தோள் அகன்றவனையும், அடி தாங்குகிறவனையும்தான் ஒவ்வொருத்தராக எடுத்தது. அந்த மத்தியானத்துக்குப் பிறகு யோசித்து என்ன?

பஸ் ஏறும் காலையில் அண்ணை பெட்டியை என் பைக்குள் வைத்தான். நான் வேண்டாம் என்றேன். அவனுக்கு வேண்டுமே.

"எனக்கு நேரமில்லை. கடல் நேரம் மாறிப்போச்சு," என்றான். "மட்டி இன்னும் கொஞ்சப் படிதான். நான் செய்தமாதிரியே செய். முன்னுக்கு விடு, அடி விழமுதல் இழு, கொம்பனை இறக்கு. பயந்துபோய்ப் பிந்தாதை."

"மாறினா?"

"நிப்பாட்டு. நத்தாருக்கு உன்னைப் பாக்க வருவன். ரெண்டு பேரும் இருந்து பாப்பம்."

"சத்தியமோ?"

"ஓமடி பிள்ளை. போட்டு வா."

பஸ் கிளம்பியபோது அவன் கறுப்புச் சைக்கிளில் சந்திவரை பக்கத்தில் ஓடி வந்தான். ஒரு கையை விட்டு என் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தான். பெரியம்மா பேசினார், விழுந்து துலையப்போறாய் என்று. சந்தியில் கையை விட்டான். முகமாலையில் இறங்கிச் சோதனைக்கு நின்றபோது என் பையிலிருந்த பெட்டியை ஒருவர் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்த கிழமைக்குள் பாதையைப் பூட்டிவிட்டார்கள்.

நீர்கொழும்பில் சிஸ்டர்மார் நடத்திய விடுதியில் என்னைச் சேர்த்துவிட்டுப் பெரியம்மா விமானம் ஏறினார். அங்கும் கடல், அங்கும் கருவாட்டு மணம், அங்கும் கோயில் மணி. ஆனால் காலையில் கண்விழித்ததும் எல்லாம் தப்பான பக்கத்திலிருந்து கேட்கும். முட்டு அங்கே குறைந்துவிட்டது, என்ன சொல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பெட்டியை எடுக்க அனுமதி. அண்ணை சொன்னபடியே மட்டியை முன்னுக்கு விட்டேன், இழுத்தேன், கொம்பனை இறக்கினேன். ஒரு ஞாயிறு மட்டி துடிக்கத் தொடங்கியது. மண் நிறம் வெளுத்தது. உள்ளே ஏதோ நிமிர்வது தெரிந்தது. பெருவிரல் வலிக்கச் சிவப்பை அமத்திப் பிடித்தேன். திரை இருண்டு தெளிந்தது. மட்டி பழையபடி உருண்டையாக நின்றது.

அதற்குப் பிறகு ஒரேயொரு தொலைபேசி வந்தது. கொமினிக்கேசன் கடையில் வரிசையில் நின்று எடுத்திருக்கிறான். பின்னால் சனத்தின் இரைச்சல்.

"சாப்பிடுறியோ?"

"ஓம்."

"முட்டு?"

"இல்லை. அண்ணை, மட்டி மாறப் பாத்தது."

"நிப்பாட்டினனியோ?"

"ஓம்."

"கெட்டிக்காரி!" அவன் சிரித்தது இப்போதும் காதுக்குள் இருக்கிறது. "என்ன மாதிரி இருந்தது? கொம்பு தெரிஞ்சதோ? வேண்டாம், சொல்லாதை. வந்து பாக்கிறன். நிப்பாட்டிக்கொண்டே இரு."

மார்கழியில், நத்தாருக்கு முன், அண்ணை காணாமல் போனான். விடிந்து வெளிச்சம் வந்தபின்தான், பாஸ் புதுப்பிக்கவென்று சைக்கிளில் போயிருக்கிறான். மத்தியானமாகியும் வரவில்லை. அப்பா தேடிப் போனபோது மதகடிக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மதிலோடு சைக்கிள் சாத்தியிருந்தது. விழுந்து கிடக்கவில்லை. ஒழுங்காகச் சாத்தி, பின் சில்லுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. சைக்கிளைப் பூட்டிவிட்டுப் போகிறவன் திரும்பி வர நினைத்துத்தானே போகிறான்? யாரோ கூப்பிட்டு ஒரு சொல் கதைக்க வேண்டும் என்றிருப்பார்கள். யார் என்று அந்த வீதியில் ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களும் பார்க்கவில்லை. திறப்பு அவனோடு போய்விட்டது. அப்பா சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

எனக்கு இதைச் சொல்ல யாரும் அவசரப்படவில்லை. வருத்தக்காரப் பிள்ளை, தாங்காது என்று நினைத்தார்களாம். நத்தாருக்கு வாசலில் பகல் முழுவதும் நின்றவளுக்கு, வருடம் பிறந்த பிறகுதான் தலைமைச் சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நான் தாங்கினேன். இன்றுவரை தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், பார்த்தீர்களா.

எல்லாம் முடிந்து பாதை திறந்தபின் ஊருக்கு வந்தேன். அப்பா இளைத்து, கடலை விட்டு, பிறகு ஒரு மாரியில் போய்ச் சேர்ந்தார். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன், அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவின் பிஸ்கற் தகரம் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. பாதை பூட்டிய நாட்களில் றேடியோவுக்கென்று திறந்தாராம், எல்லாம் செத்த பற்றறி. "கள்ளனும் கள்ளியும்" என்று சொல்லிச் சிரித்தார். அவற்றை எறியவில்லை. அவன் கை பட்டுச் சுற்றியது என்று அதே சீலையில் வைத்திருக்கிறார்.

கார்த்திகையில் ஆத்துமாக்கள் நாள் வரும். சேமக்காலைக் கல்லறைகள் முழுவதும் மெழுகுதிரி எரியும். அம்மா அப்பாவுக்கு ஒன்று கொளுத்துவார், தென்மராட்சி மண்ணில் கிடக்கிற அக்காவுக்கு ஒன்று. அண்ணைக்குக் கொளுத்தமாட்டார். மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களைப் படலையோடு திருப்பி அனுப்பினார். அவனுக்கான திரி செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கு எரிகிறது. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்தானே. நான் இதைப் பற்றி வாதாடுவதில்லை. என்னிடமும் ஒரு மட்டி இருந்தது.

வருடத்தில் ஒருநாள், அண்ணை பிறந்த நாளில், பெட்டியைத் திறப்பேன். மட்டியை முன்னுக்கு விட்டு ஒரு படி ஏற்றுவேன். அது மாறப் பார்க்கும். நிறுத்துவேன். மாறினால் என்னவாகும் என்று இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தேடியதில்லை.

இந்த முறை பெட்டி சரியாகத் திறக்கவில்லை. முதல்முறை வெறும் திரை. அணைத்து மறுபடி போட்டபோது வந்தது, ஆனால் எல்லாம் நடுங்கியது. ரவுணில் போன் திருத்துகிற கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பொடியன் அண்ணை காணாமல் போனபோது பிறந்துகூட இருக்கமாட்டான். கழற்றி, கண்ணாடி வைத்துப் பார்த்தான்.

"அக்கா, உள்ளை ஒரு சின்ன வட்டப் பற்றறி இருக்கு. அதுதான் எல்லாத்தையும் ஞாபகம் வைச்சிருக்கிறது. அது முடியப்போகுது."

"புதுசு போடலாமோ?"

"போடலாம். ஆனா பழசைக் கழட்டின உடனை உள்ளை இருக்கிறது எல்லாம் அழிஞ்சிடும். முதல்ல இருந்து விளையாடலாம், பிரச்சினை இல்லை."

"கழட்டாட்டி?"

"இண்டைக்கும் போகலாம், இன்னும் ஒரு மாதம் நிண்டும் போகலாம். சொல்லேலாது அக்கா."

திரும்பி வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். மட்டி கண்ணை மூடியபடியே அழிந்துவிட்டால், அது என்னவாக இருந்தது என்று ஒருவருமே பார்த்திருக்க மாட்டார்கள். அண்ணையும் இல்லை, நானும் இல்லை. மாறவிட்டால் நானாவது பார்ப்பேன். ஆனால் மாறவிடுவது என்றால், அவன் இனி வரமாட்டான் என்று என் வாயால் சொல்வதுதான். இத்தனை வருடம் நான் சொல்லாதது அது ஒன்றுதான். வீட்டுப் படலையைத் திறக்கும்போது முடிவெடுத்துவிட்டேன். விடுவோம். போதும்.

அம்மா முற்றத்து வெயிலில் சின்ன வாங்கில் இருந்தார். முன்னால் அண்ணையின் சைக்கிள். டயர் எப்போதோ உக்கிவிட்டது, பூட்டு மட்டும் பளபளக்கிறது. மாதத்துக்கு ஒருதரம் தையல் மிசின் எண்ணெயைத் திறப்பு ஓட்டைக்குள் சொட்டுச் சொட்டாக விடுவார், திறப்பு வரும்போது துருப்பிடித்து இறுகிப் போயிருக்கக் கூடாதென்று. நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். பெட்டியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மட்டி, கொம்பன், முன்னுக்கு விட்டு இழுப்பது, சத்தியம், தொலைபேசி. அம்மாவுக்கு நான் இதை ஒருநாளும் சொன்னதில்லை. எண்ணெய்ப் போத்தலைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்பவும் உள்ளை நிக்குதோ, அவன் வளத்தது?"

"நிக்குது. பற்றறி முடியப்போகுதாம். அதுதான் இண்டைக்கு மாற விடப்போறன்."

அம்மா எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்துவிட்டு என் தோளோடு ஒட்டக் குனிந்தார். புல்லுக்குள் நடந்தேன். ஏதோ ஒன்று வழிமறித்தது. மட்டி வந்து நின்று கண்ணை மூடியது. இழுத்தேன். கொம்பன் இறங்கி அடியை வாங்கியது, கோடு சிவந்தது, பெட்டி கீச்சிடத் தொடங்கியது. அம்மாவின் தோள் அந்தச் சத்தத்துக்குத் திடுக்கிட்டதை உணர்ந்தேன். கொம்பன் வென்றது. மட்டிக்கு ஒரு படி ஏறியது. அது துடிக்கத் தொடங்கியது. என் பெருவிரலைச் சிவப்பிலிருந்து எடுத்தேன். மண் நிறம் வெளுத்தது. உள்ளே ஏதோ நிமிர்ந்தது.

"ரெண்டு பேரும் இருந்து பாக்கவேணும் எண்டெல்லோ சொன்னவன்?" என்றார் அம்மா.

நான் வாய் திறப்பதற்குள் எண்ணெய் படிந்த அவருடைய பெருவிரல் வந்து சிவப்புப் பொத்தானில் விழுந்தது. அமத்தினார். எழுபது வயதுக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. திரை இருண்டு தெளிந்தது. மட்டி பழையபடி நின்றது. அதற்குப் பிறகும் அம்மா விரலை எடுக்கவில்லை.

"நிக்கட்டும்," என்றார். "அவன் வரட்டும்."

அம்மாவின் எண்ணெய்க் கறை அந்தப் பொத்தானில் அப்படியே இருக்கிறது. நான் துடைக்கவில்லை. அன்றைக்குப் பிறகு பெட்டியைத் திறந்து பார்க்கவும் இல்லை.